சேறு படாத சட்டை

மிலான் நகரத்துப் பெரிய கிளப்பிலிருந்து ஆள் தேடி வந்தவர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கோல்கீப்பர் எல்வீனோவைப் பார்க்கத்தான் வந்திருந்தார். வாரம் முழுக்கச் செங்கல் சூளையில் வேகிறவனுக்கு, இருபத்தெட்டு வயதில், இன்னொரு முறை இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்க்கப்போவதில்லை.

ஆனால் பந்து வந்தால்தானே பிடிக்க!

இருபதாவது நிமிடத்தில் ஒரு கோல் போட்டதுமே அவனுடைய அணி வழக்கம்போலத் தன் கோல் பக்கம் யாரும் வராதபடி தாழ்ப்பாள் போட்டுவிட்டது. எதிரணியின் நாலு பேரோடு நாலு பேர் அட்டையாக ஒட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கும் பின்னால், எவனையும் ஒட்டாமல், தனியாகப் பெர்தோலி. முப்பத்தாறு வயது, லேசான தொப்பை. ஓடவே மாட்டார். பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே முன்னதாகவே நின்றுகொண்டிருப்பார்.

இடைவேளையில் எல்வீனோ அவர் காதைக் கடித்தான்.

"அண்ணே, ஒரே ஒரு பந்து விடுங்கண்ணே. அந்தாளு என் மூஞ்சியக்கூடப் பாக்கல."

"நீ கோல் வாங்கினேன்னா ஊர்க்காரன் என் தோலையில்ல உரிப்பான்?"

"வாங்க மாட்டேன், சத்தியமா."

பெர்தோலி எலுமிச்சைத் துண்டைச் சப்பிக்கொண்டே யோசித்தார். "சரி, கடைசியில ஒண்ணு விடறேன். தொலை."

இரண்டாம் பாதி முழுக்க எல்வீனோவுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. எட்டு வருஷமாக அந்த முதுகுக்குப் பின்னால் நின்றும் இப்படிக் கண்கொட்டாமல் பார்த்ததில்லை. பெர்தோலி இடது கையை லேசாக அசைத்தார். நாலு பேரும் இரண்டு எட்டு நகர்ந்தார்கள். திறந்திருந்த வழி அடைபட்டுப்போனது. பந்தோடு வந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு வந்த வழியே திருப்பி உதைத்தான். ஒரு மனுஷனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? எல்வீனோவுக்கு உடம்பு சிலிர்த்தது.

எண்பத்தெட்டாவது நிமிடம், எதிரணியின் செம்பட்டைத் தலையன் தன்னோடு ஒட்டியிருந்தவனை ஏமாற்றிவிட்டுப் பந்தோடு பாய்ந்து வந்தான். பெர்தோலி சொன்ன சொல் தவறாதவர். ஒரு எட்டு விலகி நின்றார். அத்தனை நேரம் ஒரு நூல்கூடப் பிரியாமலிருந்த பெர்தோலியின் நெசவு, எல்வீனோவுக்காகக் கிழிந்தது.

அவனால் அதைத் தாங்க முடியவில்லை.

"அண்ணே, எடுங்க! எடுங்கண்ணே!"

எப்படித்தான் எட்டியதோ, பெர்தோலியின் கால் குறுக்கே நீண்டது. பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

விசில் ஊதியபோது மிலான்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். பெர்தோலி மூச்சு வாங்க வந்தார்.

"கிறுக்கா, உனக்காகத்தானடா விட்டேன். எதுக்குக் கத்தின?"

"கெட்டுப்போயிருக்கும்ணே."

"எது?"

எல்வீனோ அவரைப் போலவே இடது கையை லேசாக அசைத்துக் காட்டினான். பெர்தோலி அவன் சட்டையை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு பொட்டுச் சேறு இல்ல. உன் பொண்டாட்டிக்குத் துவைக்கிற வேலை மிச்சம்."

எல்வீனோ சிரித்தான். கண்ணீரும் வந்தது. விடிந்தால் சூளை. ஆனாலும் அந்தப் பந்து திரும்ப வந்தால், அவன் அதையேதான் கத்துவான்.