கெட்டி எண்ணெய்

ஜூன் மாதக் கடுங்குளிரில் எங்கள் மலையூர் ஹூலியாகாவில் விடியற்காலை எந்த டீசல் வண்டியும் தானாகக் கிளம்பாது. அதன் வயிற்றுக்கடியில் நெருப்பு வைக்க வேண்டும். பழைய பெயின்ட் டப்பாவில் கரியைக் கொளுத்தி, குப்புறப் படுத்து, எஞ்சினின் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே தள்ளுவோம். தரையின் உறைபனி சட்டையைத் தாண்டி நெஞ்சில் ஏறும், புகை கண்ணில் ஏறும். அரை மணி நேரம் காய்ச்சினால்தான் உள்ளே இறுகிக் கிடக்கும் எண்ணெய் இளகும். பத்து வண்டிக்குப் பத்து டப்பா. போன வியாழக்கிழமை வரை பதினொன்று இருந்தன.

வண்டிகள் எங்கள் முதலாளி தோன் அபெலார்தோவுடையவை. ஆளுக்கு ஏழு பேரை ஏற்றிக்கொண்டு, கணவாயைத் தாண்டிச் சுரங்க ஊருக்குப் போய்வருவது எங்கள் பிழைப்பு. போன வருடம் முதலாளி எல்லா வண்டியிலும் பம்ப்பைத் திருகி டீசலைக் கூட்டினார், எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் டர்போவையும் பெரிதாக வைத்தார். கழுதைகள் குதிரையாயின. இரண்டு நடை போய்வந்தவர்களை மூன்று நடை போகச் சொன்னார். நாங்களும் பல்லைக் காட்டினோம். மேட்டில் லாரியை முந்துவதற்கு எந்த டிரைவருக்குத்தான் ஆசையில்லை?

கொஞ்ச நாளில் எஞ்சின்களில் டக்டக்கென்று சத்தம் கேட்டது. அப்போது முற்றத்தில் கூடிப் பேசினோம். பெரிய நிபுணன் மாதிரி எழுந்து நின்றவன் நான்தான். "கெட்டி எண்ணெய் ஊத்துங்க முதலாளி. ஆட்டுத்தலை சூப்பு மாதிரி கெட்டியா இருந்தாத்தான் எஞ்சினுக்குப் பலம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முதலாளி மறுநாளே பீப்பாய் பீப்பாயாக இறக்கினார். சத்தம் அடங்கியது. இருப்பதிலேயே மலிவான சரக்கு அதுதான் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வியாழனன்று நிக்காசியோ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தான். என் மகளுக்கு ஞானத் தந்தை அவன். கணவாயைத் தாண்டி இறங்கும்போது அவன் வண்டி திடீரென்று வெள்ளைப் புகை கக்கியது. எஞ்சின் தொண்டை கிழியக் கத்தியது. டர்போ உடைந்து, எஞ்சின் தன் எண்ணெயையே உறிஞ்சி எரித்துக்கொண்டு ஓடியது. அப்படி ஓடும் டீசல் சாவியை உருவினாலும் நிற்காது, யார் சொன்னாலும் நிற்காது. வலப்பக்கம் பள்ளம். அவன் தான் உட்காரும் இடப்பக்கம் இடிக்கும்படி வண்டியைத் திருப்பிப் பாறையில் மோதினான். ஏழு பேரும் சிராய்ப்போடு இறங்கினார்கள். அவனைக் கடப்பாறை போட்டுத்தான் எடுத்தோம். இடது கால் நசுங்கியிருந்தது. கையை விரித்துப் பார்த்தேன், வண்டிச் சாவி உள்ளங்கையில் பதிந்திருந்தது.

அவன் காலை வெட்டி எடுப்பதா வேண்டாமா என்று திங்கட்கிழமை சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் பெனிக்னாதான் உடைந்த டர்போவைப் பிரித்தாள். அதன் தண்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. எண்ணெய்க் குழாயில் தார் போல் கரி அடைத்திருந்தது.

"இந்தக் கெட்டி எண்ணெய ஊத்தச் சொன்ன புண்ணியவான் யாரு?" என்று கேட்டாள்.

நான் குனிந்து அந்தத் தண்டைத் துணியால் துடைத்தேன்.

"பம்ப்பைத் திறந்துவிட்ட எஞ்சின்ல சூடும் ஜாஸ்தி, கரியும் ஜாஸ்தி. காலைல இந்தக் குளிர்லயும் ஓடணும், மத்தியானம் அந்தச் சூட்டுலயும் நிக்கணும். டர்போ டீசலுக்குன்னே அப்படி எண்ணெய் இருக்கு. அதையும் வழக்கமா மாத்துற தூரத்துல பாதியிலயே மாத்திடணும். உங்க கெட்டி எண்ணெய் குழாய்ல ஓடி வந்து சேர்றதுக்கு முன்னாடி டர்போ காஞ்சு சுத்துது. தினம் காலைல கொஞ்சம் கொஞ்சமா அதைக் கொன்னிருக்கீங்க" என்றாள்.

நான் கிளம்பும்போது, ராத்திரி வெளியில் வைத்துப் பார்க்கச் சொல்லி இரண்டு எண்ணெய்ப் பாட்டில்களைக் கொடுத்தாள்.

இன்று காலை முதலாளி ஒரு தாளோடு முற்றத்துக்கு வந்தார். வாசலில் மூட்டைகளோடு பயணிகள் நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் வாங்கடா. ஒரு கையெழுத்துதான்."

குண்டன் ருஃபீனோ தாளை வாங்கி உரக்கப் படித்தான். நிக்காசியோ வெறித்தனமான வேகத்தில் ஓட்டினான், எண்ணெய் பார்க்கவே இல்லை என்று எழுதியிருந்தது.

"இது போலீசுக்கா முதலாளி?"

"பத்து மணிக்கு வருவாங்க. யாராவது ஒருத்தன் தப்பு பண்ணியிருக்கணும்ல?"

"ஆஸ்பத்திரியிலிருந்து நேரா ஜெயிலுக்குப் போவான்" என்றேன்.

"போடாதவன் சாவியை வச்சிட்டுப் போலாம். ஊர்ல டிரைவருக்கா பஞ்சம்?"

ருஃபீனோ பேனாவைக் கையில் வாங்கிவிட்டான். என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு மூணு பிள்ளைங்க, லியோன்சியோ" என்றான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி முழுக்க வெளியில் வைத்திருந்த இரண்டு பாட்டில்களையும் எடுத்துவந்தேன்.

"முதலாளி, இது பெனிக்னா சொன்ன எண்ணெய்" என்று முதல் பாட்டிலைக் கவிழ்த்தேன். எண்ணெய் நூல் பிடித்தாற்போல் தரையில் ஓடியது. "இது நம்ம பீப்பா எண்ணெய்."

கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். பத்து டிரைவர்களும் முதலாளியும் பாட்டிலின் வாயையே பார்த்தோம். எண்ணெய் விழவில்லை.

"ஏன்டா, கெட்டி எண்ணெய் கேட்டதே நீதானடா! ஆட்டுத்தலை சூப்புன்னு சொன்னது யாரு?" என்று முதலாளி சிரித்தார்.

"நான்தான்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னேன். "நான்தான் கேட்டேன். தெரியாமக் கேட்டேன். நிக்காசியோ கால் போறதுல எனக்கும் பங்கிருக்கு. ஆனா அவன் சாவியைத் திருப்பி உருவியே கையில வச்சிருந்தான். நிறுத்தப் பாத்தவன் அவன். ஓட வச்சது நாம. நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். நல்ல எண்ணெய் வராம இந்த வண்டியை எடுக்கவும் மாட்டேன்."

"அப்போ பட்டினி கிட."

நான் குப்புறப் படுத்து என் வண்டிக்கு அடியிலிருந்த டப்பாவை வெளியே இழுத்தேன். வேறு யாரும் அசையவில்லை. நம் கதை முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு தகரம் தரையில் உரசும் சத்தம் கேட்டது. திரும்பினால், ருஃபீனோ முட்டி போட்டுத் தன் டப்பாவை இழுத்துக்கொண்டிருந்தான். பேனா முதலாளியின் காலடியில் கிடந்தது. அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி என்று எல்லாவற்றிலும் அதே சத்தம்.

முதலாளி கைபேசியில் கத்திக்கொண்டே வெளியே போனார். பயணிகள் முணுமுணுத்தார்கள், சிலர் வேறு வண்டி தேடிப் போனார்கள். கிழங்கு மூட்டையோடு நின்ற ஒரு பெண் மட்டும் உள்ளே வந்தாள்.

"வியாழக்கிழமை வண்டியில என் தங்கச்சி இருந்தா. பள்ளத்துல போடாம பாறையில போட்டானே, அவனுக்காகவா இது?"

"ஆமா அக்கா."

"அப்போ நான் எங்க போறது?" என்று மூட்டையை அவிழ்த்தாள்.

பத்து டப்பாக் கரியையும் ஒன்றாகக் கொட்டினோம். இத்தனை மாதமாக எஞ்சினுக்குக் கீழே எரிந்த நெருப்பில் இன்றைக்குத்தான் நாங்கள் குளிர் காய்ந்தோம். அவள் கிழங்குகளைத் தணலுக்குள் தள்ளினாள். போலீஸ் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை டாக்டர் என்ன சொல்வார் என்று தெரியாது, நாளைக்கு அடுப்பு எரியுமா என்றும் தெரியாது. நல்லதாக இரண்டு கிழங்கைப் பொறுக்கி, நிக்காசியோவுக்கென்று ருஃபீனோ தன் தொப்பியில் சுற்றி வைத்தான்.