டப்பாவில் எவ்வளவு செம்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம். கார் எஞ்சின் ஆயிலோடு சேர்த்து ஊற்றுகிற சின்னச் சின்ன டப்பாக்களைத் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், டப்பாவின் பின்பக்கம் அச்சாகும் வாசகங்களை எழுதுவது என் பிழைப்பு. 'உங்கள் எஞ்சினுக்குப் புது வலு' என்று எங்காவது படித்திருந்தால் அது என் கைவண்ணம். நான் எழுதியதில் அதிகம் பேர் வாசித்ததும் அதுதான், சொல்லிக்கொள்ளும்படி வேறெதுவும் இல்லை.

ஒரு புதன்கிழமை மதியம், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பெண் சாப்பிடப் போயிருந்தார். மணி அடித்தது, நான் எடுத்தேன். ஓர் ஆண் குரல், பக்கத்து அறையில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தணிந்து வந்தது.

"உங்க டப்பாவுல செம்பு எவ்வளவு இருக்குங்க?"

"சார், அது கம்பெனி ரகசியம்."

"ஒரு நம்பர் சொன்னா போதுங்க. வீட்ல ஒரு பிரச்சினை."

நான் மேலே கேட்பதற்குள் வைத்துவிட்டார். டப்பாவில் இருக்கும் செம்பு எப்படி ஒரு வீட்டின் பிரச்சினையாகும்? மூன்று வாரமாக என் மண்டையைக் குடையும் கேள்வி இது. இனி வருவதில் பெரும்பகுதி என் கற்பனை.

2

மலைப்பாதையின் நான்காவது வளைவில் அந்தச் சிவப்புக் கார் சீறிக்கொண்டு

(வேண்டாம். சீறாத கார் எந்தக் கதையில் இருக்கிறது?)

ஆயில் என்பது இரண்டு உலோகங்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய

(கட்டுரை வாடை அடிக்கிறது.)

சரி, பேச்சிலேயே தொடங்குவோம். ஒரு பட்டறை. லிஃப்டில் தூக்கி நிறுத்திய இரண்டு கதவுக் கார். சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர், நாற்பத்து மூன்று வயது. வார நாட்களில் ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, மலைப்பாதைப் பந்தயத்தில் தன் வாயை இறுக மூடிக்கொண்டு ஓட்டுபவர். மெக்கானிக் அவருடைய சொந்தத் தம்பி.

"அக்கா, போன தடவை போட்ட ஆயிலையே போடுறேன். சூட்டுல தண்ணியாப் போகாது."

"ரொம்பக் கெட்டிடா அது. காலையில ஸ்டார்ட் பண்ணினா ஆயில் மேல போய்ச் சேர்றதுக்குள்ள டக்டக்னு சத்தம்."

"கொஞ்ச நேரம் சூடு பண்ணிட்டு எடு. உனக்குத்தான் பொறுமையே கிடையாதே."

"பல்லு புடுங்குறவளுக்கா பொறுமை இல்ல?"

(ஆயில் கேனில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது, குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. இரண்டாவது, சூட்டில் எவ்வளவு தாங்கும் என்பதற்கு. அக்காவுக்கு முதல் எண் முக்கியம், தம்பிக்கு இரண்டாவது. நான் படித்த வரையில் இரண்டு பேர் சொல்வதும் சரி. இப்படி ஒரு சண்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.)

ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. "எத்தனையோ பேர் யோசிச்சுக் கலந்த ஆயில்ல நாம என்னத்தப் புதுசா ஊத்துறது? அந்த டப்பா எல்லாம் சும்மா," என்கிறான் தம்பி. என் பிழைப்பில் மண்ணைப் போடும் இந்த வசனத்தை இரண்டு தடவை கோடு போட்டு அடித்தேன். அவன் மறுபடி சொல்கிறான்.

3

டாக்டரின் கணவரைத்தான் என்னால் பிடிக்க முடியவில்லை. முதலில் அவரைப் பொறாமைக்காரராக எழுதினேன்; இரண்டே பத்தியில் சலித்துவிட்டார். பிறகு அசடாக எழுதினேன், அது அநியாயம். கண்ணாடிக் கடை வைத்து, நாளெல்லாம் அடுத்தவர் கண்ணுக்குப் பவர் பார்க்கிற மனுஷர் அவ்வளவு அசடாக இருக்க முடியாது. கடைசியில்தான் புரிந்தது, அவருக்குப் பயம். பதினோரு வருஷமாக ஒரு பந்தயத்தைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. கார் நிறுத்துமிடத்தின் பின்னால் போய் நின்றுகொள்வார். மனைவி இறங்கி வந்து தோளைத் தட்டினால்தான் திரும்புவார். "ஓட்டாதே" என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த டக்டக் சத்தத்தை அவரும் தினம் காலையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கடையில் எங்கள் செம்புத் தூள் டப்பா ஒன்றை வாங்கினார். மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில் எஞ்சினில் ஊற்றினார். மறுநாள் சத்தம் குறைந்தது. காலி டப்பாவை லென்ஸ் பெட்டிகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு இரண்டு வாரம் சந்தோஷமாக இருந்தார்.

தம்பிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால், பழைய ஆயிலில் கொஞ்சத்தை மெல்லிய குழாயால் உறிஞ்சி ஆய்வகத்துக்கு அனுப்புவான். எந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அவர்கள் எழுதி அனுப்புவார்கள். போன தடவை செம்பு பத்து லட்சத்தில் ஆறு பங்கு. இந்தத் தடவை நாற்பத்தொன்று.

"பேரிங் தேயுது அக்கா. அதுக்குள்ள இருக்குற செம்புதான் இது. எஞ்சினை இறக்கிப் பாக்கணும், மூணு வாரம் ஆகும்."

அன்று புதன்கிழமை. பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அந்த மலைப்பாதையை அடைத்துப் பந்தயம் விடுவார்கள். போன வருஷம் டாக்டர் தோற்றது அரை நொடிக்கும் குறைவில். அவர் ஆய்வகக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். கணவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செம்பு டப்பாவிலிருந்தும் வந்திருக்கலாம். *லாம்* என்பதில்தான் சிக்கல். உண்மையைச் சொன்னால் மனைவி ஓட்டப் போவார். பேரிங்கும் நிஜமாகவே தேய்ந்திருந்தால் ஏதோ ஒரு வளைவில் எஞ்சின் இறுகி நின்றுவிடும். சொல்லாவிட்டால் மனைவி பத்திரமாக வீட்டில் இருப்பார். பதினோரு வருஷமாக வாய்விட்டுக் கேட்காத ஒன்று, வாயே திறக்காமல் கிடைத்துவிடும்.

4

இங்கே நான் கொஞ்சம் நிறுத்தவேண்டும். உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அந்த டப்பாவின் வாசகத்தில் கடைசியாக ஒரு வரி இருந்தது. எங்கள் வேதியியல்காரர் எழுதிக் கொடுத்தது: 'ஆயிலைச் சோதனைக்கு அனுப்புபவர்கள் இதை ஊற்ற வேண்டாம், செம்பு கூடுதலாகக் காட்டும்.' முன்பக்கத்துத் தீச்சுவாலைப் படம் பெரிதாகி, பின்பக்கம்வரை சுற்றிக்கொண்டு வந்தது. இடம் போதவில்லை. "எவன் ஆயிலை டெஸ்ட்டுக்கு அனுப்புறான்?" என்று கேட்டு அந்த வரியை வெட்டியவன் நான். அந்தத் தணிந்த குரலைக் கேட்ட நொடியிலிருந்து எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கதையில் அந்த வரியை மறுபடி சேர்த்துப் பார்த்தேன். கணவர் கடையில் டப்பாவைத் திருப்பிப் படித்தார், வைத்துவிட்டு வந்தார். எல்லோரும் நலம். ஒன்றரைப் பக்கத்துக்கு எதுவுமே நடக்கவில்லை.

5

முடிவுகள். கணவர் வாயே திறக்காத முடிவு ஒன்று எழுதினேன். எஞ்சினை இறக்குகிறார்கள், பேரிங் புத்தம் புதிதாக இருக்கிறது, தம்பி தலையைச் சொறிகிறான், கணவர் ஆயுசு முழுக்க அதைச் சுமக்கிறார். அவரை அவ்வளவு தண்டிக்க எனக்கு மனசு வரவில்லை, வெட்டின வரி என்னுடையதாயிற்றே. இன்னொன்றில் அவர் உண்மையைச் சொல்லி, டாக்டர் ஓட்டி, ஜெயித்து, கட்டிப்பிடித்து... எனக்கே கூச்சமாகப் போய்விட்டது. இன்னொரு குறுக்குவழியும் உண்டு. மழையைக் கொட்டவைத்துப் பந்தயத்தை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம். புது ஆயில் ஊற்றி, ஓட்டி, மறுபடி சோதித்துவிடலாம். எனக்கு அது ஒரே ஒரு வரி வேலை. ஆனால் ஃபோனில் கேட்ட அந்த மனுஷருக்கு அப்படி மழை பெய்திருக்காது.

6

வியாழக்கிழமை காலை, பட்டறை. இறக்குவதற்காக எஞ்சினின் முதல் போல்ட்டைத் தம்பி தளர்த்துகிறான்.

"நான் ஒண்ணு ஊத்தினேன்," என்றார் கணவர்.

"எதுல?" என்றார் டாக்டர்.

"எஞ்சின்லதான். அந்தச் சத்தம் போகட்டும்னு ஒரு டப்பா. செம்புத் தூள் இருக்காம்."

"மாமா!" தம்பி ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எவ்வளவு செம்பு?"

"ஃபோன் பண்ணிக் கேட்டேன். எவனோ ஒருத்தன், சொல்ல முடியாதுன்னுட்டான்."

(அந்த எவனோ நான்தான்.)

டாக்டர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தம்பியைப் பார்த்து, "எங்கேயிருந்து வந்ததுன்னு எப்படிடா கண்டுபிடிக்கிறது?" என்றார்.

"ஃபில்டரை அறுத்துப் பாக்கலாம் அக்கா. டப்பாத் தூள்னா வெறும் மாவு மாதிரி படிஞ்சிருக்கும். பேரிங்னா செதில் செதிலா மின்னும். செதில் ஒண்ணு இருந்தாலும் நீ போகக் கூடாது."

"இல்லேன்னா போவேன்."

தம்பி ஃபில்டரைக் கழற்றி மேஜையில் வைத்து, தகட்டை அறுத்து, உள்ளே மடித்திருந்த தாளை முழுதாக வெளியே எடுத்தான். கறுப்பு ஆயில் சொட்டியது. டார்ச் கணவர் கையில். வெளிச்சம் மேஜைமேல் அங்குமிங்கும் ஓடியது.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார்.

"சொல்லுங்க."

"செதில் மின்னணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். "தெரியும்," என்றார். "லைட்டை நேராப் பிடிங்க."

7

இதற்குமேல் நான் எழுதக் கூடாது. செதில் இருந்தால் பேரிங் நிஜமாகவே தேய்ந்திருக்கிறது, என் டப்பாமேல் குற்றமில்லை, நான் வெட்டிய வரியால் யாருக்கும் நஷ்டமில்லை. அதனால் நானும் செதிலுக்காகத்தான் வேண்டிக்கொள்கிறேன். இப்படிப்பட்ட ஆள் முடிவு எழுதினால் அதை நீங்கள் நம்பவே கூடாது.

தாள் இன்னும் மடிப்போடு கிடக்கிறது. தம்பி நகர்ந்து இடம் விடுகிறான். நீங்களே விரித்துப் பாருங்கள். எதைக் கண்டாலும் டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.