வெட்டிய இடங்கள்

காலி கோப்பைகளோடு கீழே இறங்க வந்த யாஸ்னா மேல்படியிலேயே நின்றுவிட்டாள். மூன்று பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இருபது வயது இருக்கும். இந்த வீட்டை என்ன, துறைமுக நகரமான வால்பராய்சோவின் இந்தக் குன்றையே முன்பு பார்த்திராதவர்கள். ஆறாவது படிக்கு வந்ததும், ஒருவர் பின் ஒருவராக, ஏழாவதை மிதிக்காமல் எட்டாவதில் கால் வைத்தார்கள்.

ஏழாவது படி கிறீச்சிடும். அம்மா விழித்துக்கொள்வாளே என்று ஐந்து வருடமாக அதைத் தாண்டிப் பழகியவள் யாஸ்னா ஒருத்திதான். அது ஒன்றாவது தனக்கு மட்டும் தெரிந்தது என்று நினைத்திருந்தாள்.

வந்தவர்கள் மேலே கூடத்தில் சவப்பெட்டியின் கண்ணாடி வழியாக அம்மா எடெல்மிராவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர்களில் ஒரு பெண் விசும்பத் தொடங்கினாள்.

கீழே சமையலறையில் பக்கத்து வீட்டு மிர்த்தா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள்.

“யாருடி இதுங்க? எழவுக்குக் கறுப்புச் சட்டை சரி. அதுல எதுக்குப் பேய்வீட்டுப் படம்?”

“தம்பி செஞ்ச கம்ப்யூட்டர் கேம் ஆடினவங்க. அதுல வர்றது இந்த வீடுதான்.”

“அதுக்கா அந்தப் பொண்ணு இப்படி அழுவுது? நீ இன்னும் ஒரு சொட்டு விடல.”

யாஸ்னா கோப்பைகளைக் கழுவினாள்.

இரண்டு வருடத்துக்கு முன் தம்பி அலிரோ மூன்று வாரம் வந்து தங்கினான். மூலைக்கு மூலை மைக் வைத்து அம்மாவின் செருப்புச் சத்தத்தை, இருமலை, கதவுக்குப் பின்னால் அவள் விடும் மூச்சைப் பதிவுசெய்துகொண்டு, தான் இருக்கும் சாந்தியாகோவுக்குத் திரும்பினான். கேம் வந்தது. ஆடுகிறவருக்குத் தன் முகம் தெரியாது. வீடு மட்டும்தான் தெரியும். இருட்டில் அறை அறையாக நடக்க வேண்டும். பேய் இல்லை, ரத்தம் இல்லை. ஏழாவது படி கிறீச்சிட்டால் போதும், எல்லாம் மறந்துபோன ஒரு தாய் எங்கிருந்தோ “யாரு?” என்பாள். அதற்கே முகம் தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் நடுங்கினார்கள். கேமுக்குப் பரிசும் கிடைத்தது.

குளிப்பாட்டி ஊட்டிவிட்ட ஐந்து வருடமும் நினைவு தப்பிய அம்மா யாஸ்னாவை ‘சென்யோரா’, அம்மணி, என்றுதான் அழைத்தாள், சம்பளத்துக்கு வந்தவளை அழைப்பதுபோல.

மேலே கூடத்தில் அந்தப் பெண் அலிரோவிடம் சொல்வது கேட்டது: “அவங்க குரல் எனக்கு மனப்பாடம்.”

யாஸ்னா ஈரக் கையைக்கூடத் துடைக்கவில்லை. மேலே ஏறித் தம்பியைப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

“அம்மாவை எத்தனை பேருக்குடா பங்கு போட்டுக் குடுத்திருக்க?”

“இன்னிக்கு வேண்டாம்க்கா.”

“இன்னிக்குத்தான். அந்தப் பொண்ணுக்குக்கூட அம்மா குரல் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? சென்யோரா, துண்டு எடு. சென்யோரா, உன் வீட்டுக்குப் போ.”

அலிரோ பின்கட்டின் கம்பிப் பிடியில் சாய்ந்தான். கீழே துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கி பாதி தூரம் திரும்பி நின்றது. அது மறுபடி நகரும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

“நீ வெளிய போனா அம்மா உன்னைத்தான் தேடுவா,” என்றான்.

“என்ன சொல்ற?”

“நீ மருந்து வாங்கப் போவல்ல. கதவு சாத்தினதும் ஆரம்பிச்சுடுவா. சின்னச் சத்தம் கேட்டாலும், ‘யாரு? யாஸ்னாவா?’ ஒவ்வொரு தடவையும்.”

“கேம்ல ‘யாரு’ மட்டும்தானே வருது.”

“மிச்சத்தை வெட்டிட்டேன். ஆடறவன் யாரா வேணா இருக்கணும். பேர் வந்தா அது இன்னொருத்தி வீடாயிடும். பயம் போயிடும்.”

“வெட்டினதெல்லாம்?”

“அழிச்சாச்சு.”

“ரெண்டு வருஷமா ஏண்டா சொல்லல?”

அவன் கம்பிப் பிடியின் துருவை நகத்தால் சுரண்டினான்.

“மூணு வாரத்துல என் பேர் ஒரு தடவைகூட வரலக்கா.”

பிறகு அவனே சொன்னான்: “ஒரு பதிவு மட்டும் இருக்கும். கேஸ்காரன் சிலிண்டரைத் தட்டிக்கிட்டுப் போன சத்தம் விழுந்து கெட்டுப்போனது. வெட்டக்கூட ஆகாதுன்னு அப்படியே விட்டது.”

மடிக்கணினியைக் கொண்டுவந்து ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். இரும்பு மேல் இரும்பு மோதியது. அதற்கு அடியில், எங்கோ தள்ளி, அம்மா.

முடிந்ததும், மறுபடி என்று விரலைக் காட்டினாள். மறுபடி.

கூடத்தில் ஜெபமாலை தொடங்கியிருந்தது. திறந்த கதவு வழியே அவளுக்குத் தெரிந்தது அசையும் உதடுகள் மட்டும். அலிரோ ஒரு காதுக்காவது தரச்சொல்லிக் கையை நீட்டினான். யாஸ்னா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.