செவ்வாய்க்கிழமை டிக்கெட்

பிரவீனாவுக்கு ஒரு வியாதி இருந்தது. பிளான் போடுகிற வியாதி. கேன்டீனில் மூன்று பேர் டீ குடிக்கப் போனால்கூட யார் முதலில் போய் இடம் பிடிக்கணும், யார் டோக்கன் வாங்கணும் என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள். "உன் கல்யாணத்துல ஐயருக்கே, சாரி, பாதருக்கே நீதான்டி டைம்டேபிள் கொடுப்ப" என்று நதியா கிண்டல் பண்ணுவாள். அதெல்லாம் அவளுக்கு உறைக்காது.

அப்படிப்பட்டவள் போட்ட பிளானில்தான் இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்தது. என்னத்தைச் சொல்ல!

விஷயம் இதுதான். மூன்று பேரும் பி.காம். கடைசி வருஷம். அதில் அகிலா மட்டும் தீம் பார்க்குக்குப் போனதே இல்லை. தீம் பார்க்கை விடுங்கள், ஸ்கூல் டூர், காலேஜ் டூர் எதற்குமே போனதில்லை. வீட்டில் ரொம்பக் கண்டிப்போ என்றால் அதுவும் கிடையாது. பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டில் இருப்பது ஒரே தறி. அவள் அப்பா திருஞானசம்பந்தம் நெய்வது கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே வரவேண்டும். அதற்கு நெய்கிறவர் ஒருத்தர் போதாது. பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து கரைக்கு நாடா போடணும். நாடா என்றால் வயிற்றுக்குள் நூலை வைத்துக்கொண்டு இழைகளுக்கு நடுவே ஓடுகிற மரக்கட்டை. அந்த இடத்தில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்த அம்மா காமாட்சியம்மாளுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டு கையைத் தூக்க முடியாமல் போனது. அன்றிலிருந்து அகிலாதான்.

காலையில் ஐந்தரையிலிருந்து எட்டரை. காலேஜ் விட்டு வந்து நாலரையிலிருந்து ஏழரை. லீவு நாள் என்றால் நாள் முழுக்க. அவள் எழுந்து போனால் அப்பா நூல் சுற்றலாம், அறுந்த இழையை முடியலாம், வெற்றிலை போடலாம். சேலை மட்டும் ஒரு விரல்கூட வளராது. மாசத்தில் அவளுக்கு என்று இருப்பது ஒரே நாள், அமாவாசை. அன்றைக்கு மட்டும் யாரும் தறியில் உட்காரமாட்டார்கள். தெருவே வாயை மூடிக்கொண்டிருக்கும்.

"அப்ப அமாவாசைக்குப் போறோம். முடிஞ்சுது" என்றாள் பிரவீனா.

முடியவில்லை. மூன்று பேர் கையிலும் இருந்தது பஸ்பாஸும் ரீசார்ஜ் காசும்தான். கடற்கரை ரோட்டில் இருந்த அந்தப் பார்க்கில் உள்ளே போகவே இவர்கள் மாசச் செலவு மொத்தமும் போய்விடும். தேடித் தேடிப் பார்த்ததில் ஸ்டூடண்ட் ஆஃபர் ஒன்று கண்ணில் பட்டது. பாதி விலை. ஆனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் மட்டும். பதினைந்து நாளுக்கு முன்னாடியே புக் பண்ணணும். புக் பண்ணி ஒரு நாள் தாண்டினால் காசு திரும்ப வராது, தேதியும் மாறாது. பரீட்சை வேறு அடுத்த மாசம் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு யார் எங்கே போவார்களோ.

பிரவீனா போனில் அமாவாசையைத் தேடினாள். பெரிய எழுத்தில் 'செவ்வாய்' என்று வந்தது. ஸ்டடி ஹாலிடேஸ் சமயம் வேறு. ஆண்டவரே நேரில் வந்து தேதி குறித்துக் கொடுத்த மாதிரி அவளுக்கு இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஏதோ மணிக்கணக்கு போட்டிருந்தது. அதை அவள் படிக்கவில்லை. முசரவாக்கத்தில் அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குவது சர்ச் காலண்டர். அதில் தவக்காலம் இருக்கும், குருத்தோலை ஞாயிறு இருக்கும். அமாவாசைக்கு அதில் என்ன வேலை? பத்துப் பொருத்தமும் பார்க்கிறவள் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் விட்டாள்.

சர்ப்ரைஸ் என்று சொல்லாமல் புக் பண்ணிவிட்டு, மறுநாள் வகுப்பில் போனை அகிலா முகத்துக்கு நேராக நீட்டினாள். அகிலா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழுவுறியா, சிரிக்கிறியாடி?" என்றாள் நதியா.

"ரெண்டும்தான்" என்றாள் அகிலா. "வீட்ல நான் பேசிக்கிறேன்."

அதற்கப்புறம் இருபது நாள் இதே பேச்சு. பிரவீனா ஒரு நாற்பது பக்க நோட்டே போட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்கு முதல் பஸ், செங்கல்பட்டில் மாறணும். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள், அதனால் லெமன் சாதத்தை பஸ்ஸிலேயே முடித்துவிடணும். லாக்கர் மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று. தண்ணிக்குள் இறங்க காட்டன் டிரஸ் கூடாது. அதற்கு நதியாவின் அக்காவிடம் நைலான் டிரஸ் இரவல் சொல்லியாயிற்று. தலைகீழாகச் சுற்றுகிற ரோலர் கோஸ்டருக்கு முதலில் ஓடணும், கூட்டம் சேர்ந்துவிட்டால் ஒரு மணி நேரம் நிற்கணும்.

அகிலா கேட்ட கேள்விகள் இருக்கிறதே, அப்பப்பா!

"தலைகீழா தொங்கும்போது செருப்பு விழாதா?"

"கழட்டி வச்சிட்டுதான் ஏறணும்."

"கத்தலாமா? யாராச்சும் திட்டுவாங்களா?"

"லூசு. கத்துறதுக்குதான்டி காசே."

"எங்க உக்காந்தா நல்லா இருக்கும்?"

"கடைசி வரிசை. அங்கதான் வயிறு அப்டியே தொண்டைக்கு வரும்."

பத்தாம் வகுப்பில் ஞாயிறு பள்ளியோடு ஒரே ஒரு முறை போய்வந்தவள் பிரவீனா. அந்த ஒரு முறையை வைத்துக்கொண்டு அவள் விட்ட அலட்டல் கொஞ்சநஞ்சமில்லை. அகிலா எல்லாவற்றையும் இரண்டாவது தடவையும் கேட்பாள், மூன்றாவது தடவையும் கேட்பாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நைலான் டிரஸ்ஸை ஒரு பையில் போட்டுக்கொண்டு பிரவீனா அகிலா வீட்டுக்குப் போனாள். தெரு முழுக்கத் தறிச்சத்தம். உள்ளே திருஞானசம்பந்தம் குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அகிலா. அரக்கு உடம்பு, பச்சைக் கரை.

"வாம்மா பிரவீனா, உக்காரு" என்றார் அவர், கையை நிறுத்தாமல். "தப்பா நெனைக்காத. நாளைக்கு ராத்திரிக்குள்ள இத்த முடிச்சு எறக்கணும். அதான் ஒரே ஓட்டமா ஓடிக்கினு இருக்குது."

"நாளைக்கா அங்கிள்? நாளைக்கு லீவு இல்ல?"

"லீவா?" அவர் சிரித்தார். "நாளன்னிக்கு இல்ல அமாவாசை? அன்னிக்குத் தொட முடியாது. வியாழக்கிழமை காலைல கல்யாணக்காரங்க கடைக்கு வந்துடுவாங்க. அதான் நாளைக்கே."

பிரவீனா எழுந்து நின்றுவிட்டாள். "நாளைக்குத்தான அமாவாசை. போன்ல பார்த்தேனே."

"நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலதாம்மா அமாவாசையே பொறக்குது. எங்களுக்குக் கணக்கு மறுநாள்தான்." சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைத் தாடையால் காட்டினார்.

பிரவீனா போய் இரண்டு தாளைத் தூக்கிப் பார்த்தாள். புதன்கிழமைத் தாளில் கறுப்பு வட்டம் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. திரும்பி அகிலாவைப் பார்த்தாள். அகிலா நிமிரவில்லை. நாடா ஒரு தரம்கூடத் தப்பாமல் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

பிரவீனா தட்டுத்தடுமாறி டிக்கெட் விஷயத்தைச் சொன்னாள். சொல்லச்சொல்லத் தறி மெதுவாகி நின்றது.

"நாளைக்கா?" என்றார் திருஞானசம்பந்தம். "ஏம்மா அகிலா, நீ சொல்லவே இல்லியே!"

"சொல்லலாம்னுதான்பா இருந்தேன்" என்றாள் அகிலா.

அந்தப் பதிலை பிரவீனா கவனித்திருக்கணும். எங்கே கவனிக்க? அவள் அதற்குள் பார்க்குக்குப் போன் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டாள். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று அந்தக் குரல் பன்னிரண்டு நிமிஷம் அலைக்கழித்தது. கடைசியில் ஒரு பையன் கிடைத்தான். ரொம்ப மரியாதையான பையன். ஆஃபர் டிக்கெட்டில் தேதி மாற்ற வழியே இல்லை மேடம், என்னால் ஒன்றும் பண்ண முடியாது மேடம் என்றான். "வேற ஏதாச்சும் உதவி வேணுமா மேடம்?" என்று வேறு கேட்டான். அமாவாசையை ஒரு நாள் முன்னாடி இழுத்து வைக்க முடியுமா என்று கேட்க அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதானே!

அவள் உள்ளே வரும்போது திருஞானசம்பந்தம் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். நாலு வீடு தள்ளி ஆதிகேசவன் வீட்டில் ஒரு நாளைக்கு ஆள் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அமாவாசைக்கு முதல் நாள் எந்த வீட்டில் ஆள் சும்மா இருப்பார்கள்? தெரு முழுக்க இதே ஓட்டம்தான்.

"நான் உக்கார்றேன்" என்றாள் காமாட்சியம்மாள். "ஒரு நாள்தான, போவட்டும் கொழந்த." சொல்லிக்கொண்டே வலது கையைத் தூக்கிக் காட்டப் பார்த்தாள். கை மார்பு உயரத்தில் நின்றுவிட்டது. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கினாள். முகம் கோணிப்போனது.

"அம்மா, சும்மா இரும்மா!" அகிலா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி பிரவீனா கேட்டதே இல்லை.

"அப்ப நான் உக்கார்றேன் அங்கிள்" என்றாள் பிரவீனா. "அகிலா நதியாகூட போவட்டும். நான் ஏற்கனவே பார்த்ததுதான்." யாரும் பதில் சொல்வதற்குள் அகிலாவைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தும் விட்டாள். தூரத்திலிருந்து பார்க்க அது ஒன்றுமே இல்லாத வேலைதானே, தள்ளினால் போகிறது! முதல் தடவை நாடா பாதியில் நின்றது. இரண்டாவது தடவை கீழே விழுந்து உருண்டது. மூன்றாவது தடவை அழுத்தித் தள்ளினாள், கரையில் நாலு இழை பட்டென்று அறுந்தது.

திருஞானசம்பந்தம் நாடாவை வாங்கி ஓரமாக வைத்தார். குனிந்து ஒவ்வொரு இழையாகத் தேடி முடிந்தார். அதற்குக் கால்மணி நேரம் ஆனது. அந்தக் கால்மணி நேரமும் பிரவீனாவுக்கு பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது.

"விடும்மா, உன் மேல தப்பில்ல" என்றார் முடித்துவிட்டு. "இது கைக்கு வர ஆறு மாசம் ஆவும். ஒரு நாள் தள்ளிப் போட்டிருந்தீங்கன்னா நானே கூட வந்து பஸ் ஏத்தி விட்டிருப்பேன்." அதையே திரும்ப ஒரு தரம் சொன்னார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரமும் சொன்னார். அந்த மனுஷரைக் கோபித்துக்கொள்ளக்கூட பிரவீனாவுக்கு வழியில்லை.

"பத்து நிமிஷம்" என்றார் அகிலாவிடம். "போயி பிரவீனாவ ஆட்டோ ஏத்திட்டு வந்துரு."

ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் அகிலா நைலான் டிரஸ் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஆட்டோவில் இன்னும் ஒரு ஆள் சேரணும் என்று டிரைவர் நின்றுகொண்டிருந்தார். அங்கே வைத்து பிரவீனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எல்லாத்தையும் பார்த்தேன்டி. லாக்கர் பார்த்தேன், பஸ் பார்த்தேன். அமாவாசைய மட்டும் சரியா பார்க்கல பாரு, நானெல்லாம் ஒரு ஆளு! என்னை ஒரு அறை அறைடி."

"எனக்குத் தெரியும்" என்றாள் அகிலா.

"என்ன தெரியும்?"

"நீ டிக்கெட் காட்டினப்பவே தெரியும். செவ்வாய் அமாவாசை இல்லன்னு."

பிரவீனாவுக்கு அழுகை நின்றுவிட்டது. "அடிப்பாவி! அன்னிக்கே சொல்லியிருந்தா மாத்தியிருக்கலாம்டி. ஒரு நாள் டைம் இருந்துச்சே!"

"எங்க மாத்துவ? புதன்கிழமை ஆஃபர் கெடையாதுன்னு நீதான சொன்ன."

அது வாஸ்தவம்தான்.

"சொன்னா நீ கேன்சல்தான் பண்ணியிருப்ப" என்றாள் அகிலா. "அப்பாகிட்ட கேட்டுப் பார்க்கலாம்னு தெனம் வாயத் தொறப்பேன். அவர் அன்னிக்கு எவ்ளோ வளந்திருக்குதுன்னு முழம் போட்டுப் பார்ப்பாரு. மூடிக்குவேன். ஆனாலும் இருபது நாள் நான் போறவளா இருந்தேன்ல, பிரவீனா. காலைல நாடா போடும்போதெல்லாம் செருப்ப எங்க கழட்டி வைக்கிறது, யார் பக்கத்துல உக்கார்றதுன்னு நெனச்சிக்கினே போடுவேன். அத்த விட மனசு வரல."

பிரவீனா துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் போவமாட்டேன்" என்றாள். "நீ இல்லாம போயி என்ன பண்ண?"

"போவாம இருந்துடாத. நதியா பாவம். போயிட்டு வந்து எல்லாத்தையும் சொல்லு." அகிலா நைலான் டிரஸ் இருந்த பையை அவள் கையில் திணித்தாள். "இத்த நதியா அக்காகிட்ட குடுத்துடு. பிரிக்கவே இல்ல."

எங்கிருந்தோ ஒரு அம்மா கூடையோடு வந்து ஏறினாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். "ஏறும்மா, ஏறு."

பிரவீனா ஏறி உட்கார்ந்தாள். அகிலா கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே நீட்டினாள்.

"கடைசி வரிசைதான சொன்ன?"

"ஆமா. கடைசி வரிசை."

"அப்ப அங்கியே உக்காரு. நல்லா கத்து" என்றாள்.

ஆட்டோ நகர்ந்தது. பிரவீனா எட்டிப் பார்த்தாள். அகிலா அதற்குள் திரும்பி வீட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் தாண்டிவிட்டிருந்தது.