இத்தா முடியும் வரை

செவ்வாய்க்கிழமை கடைசிப் பாடவேளையில், கொட்டாஞ்சேனைப் பெண்கள் பாடசாலை ஒன்றின் நூலக மூலையில் மூன்று ஆசிரியைகள் கூடுவார்கள். படிப்பில் பின்வாங்கும் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கும் குழு அது. "தீர்மானம் வருதோ இல்லையோ, சாப்பிட றோல்ஸ் வரும்" என்று ஆலோசனை ஆசிரியை இமெல்டா சிரிப்பார். வாங்கி வருவதும் அவர்தான்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாயன்று ஒன்பதாம் வகுப்பு நதாவின் பெயர் வந்தது. ஜனவரி கடைசியில் அவளுடைய வாப்பா திடீரென்று இறந்துபோனார். எழுபது மார்க்ஸுக்குக் குறையாதவள், இப்போது சொல்வதெழுதலில் பாதி வரிகளை விட்டுவிடுகிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

"நான் அவட வீட்டுக்குப் போய் உம்மாவப் பாத்துட்டு வாரேனே," என்றார் ஆங்கில ஆசிரியை பைறோஸா. "இத்தாவுல ஈக்கிறாங்க. நாலு மாசம் பத்து நாளைக்கு வெளிய வர மாட்டாங்க. நாம போகலாம்தானே."

வகுப்பாசிரியை மேனகா உடனே மறித்தார். "வேண்டாம், விடுங்கோ. அந்த மனுசி தன்ட பாட்டில இருக்கட்டும். செத்த வீட்டில போய் மார்க்ஸ் கதைக்கிறதோ?"

"மார்க்ஸ் கதைக்க இல்ல டீச்சர்..."

"எனக்குத் தெரியும்."

அதற்குமேல் யார் பேசுவது? மேனகாவின் கணவர் இறந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. எட்டாம் நாள் வெள்ளவத்தையிலுள்ள அவருடைய பிளாட்டுக்குப் பாடசாலையிலிருந்து பதினொரு பேர் வந்து, சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து, சாப்பிட்டீர்களா, நித்திரை வருகிறதா என்று மாறி மாறிக் கேட்டார்கள். அழுததைவிட அதற்குப் பதில் சொல்லித்தான் அவர் களைத்துப்போனார். எல்லார் துக்கமும் தன் துக்கத்தைப் போலவே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று நினைத்துவிட்டார்.

'இத்தா முடிந்தபின் தாயை அழைப்பது' என்று இமெல்டா கொப்பியில் எழுதினார்.

மேனகா சும்மா இருக்கவுமில்லை. நதாவைக் கடைசி வரிசை வாங்குக்கு, ஜன்னலோரம் மாற்றினார். "அங்க காத்து வரும் பிள்ளை, ஒருத்தரும் கரைச்சல் தரமாட்டினம்." வீட்டுப்பாடம் கேட்கவில்லை. மற்ற ஆசிரியைகளிடமும் கேள்வி கேட்காதேங்கோ என்று சொல்லிவைத்தார். தவணைப் பரீட்சையில் நதா முப்பத்தொன்று எடுத்தாள்.

ஜூன் மாதம் இத்தா முடிந்தது. அழைப்பு போவதற்கு முன்பே நதாவின் உம்மா மர்லியா பாடசாலைக்கு வந்தார். கையில் கிளினிக் கொப்பி.

"இவட காது, டீச்சர். சின்னதுல இருந்தே சீழ் வரும். மாசாமாசம் வாப்பாதான் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போவாரு. அவர் மௌத்தாகினதோட நிண்டு போச்சு. வலிக்குதெண்டு சொன்னா உம்மா அழுவாவெண்டு இவளும் சொல்லல்ல. முந்தாநாள்தான் கொண்டுபோனேன். இடது காது இனிக் கேக்காதாம். மத்தக் காதக் காப்பாத்தலாமாம்."

இமெல்டா கிளினிக் கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"வீடு நெறையச் சனம் வந்திச்சு," என்றார் மர்லியா. "நான் பாத்துட்டு ஈந்தது ஸ்கூல்ல இருந்து ஆரும் வருவாங்களா எண்டுதான். வந்தா, புள்ளயக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிக் கேப்பமெண்டு நெனச்சேன். ஸ்கூலுக்குக் கோல் எடுக்க வெக்கமா ஈந்திச்சு."

"நாங்க எல்லாருமாத்தான் யோசிச்சு..." என்று இமெல்டா தொடங்கினார்.

"இல்லை," என்றார் மேனகா. "பைறோஸா டீச்சர் வாறன் எண்டவ. நான்தான் வேண்டாமெண்டனான்."

மர்லியா அவர் பக்கம் திரும்பினார். "ஒங்கட மாப்பிள்ளயும் மௌத்தெண்டு புள்ள சொன்னா. அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே டீச்சர்."

குரலில் கோபம் இல்லை.

அடுத்த கிளினிக்குக்குத் தானே கூட்டிப்போகட்டுமா என்று மேனகா கேட்டார், மர்லியா சம்மதித்தார். பஸ்ஸில் நதாவுக்கு வலப்பக்கத்து ஜன்னலோரம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். துறைமுக லொறிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது, நாலு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒருவாறு சொல்லி முடித்தார். "நான் பிழை விட்டிட்டன் பிள்ளை. உன்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கவேணும்."

நதா தெருவைப் பார்த்தபடியே இருந்தாள். அவளுடைய கேட்காத காதுப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் மேனகாவுக்கு உறைத்தது. தோளைத் தொட்டு இடம் மாற்றிக்கொண்டார்.

"என்ன டீச்சர்?" என்றாள் நதா.

இரண்டாம் முறை அது வாயில் வரவில்லை. "இறங்கிற இடம் வரப்போகுது," என்றார்.