ஆறாவது குழல்

குழலூத ஆறு பேர் இல்லாத குழுவைப் போட்டி வட்டத்துக்குள் விடமாட்டார்கள். கிர்க்ப்ரே ஊர்க் குழுவில் கக்கத்துப் பையை ஊதி நிரப்பிப் பேக்பைப் வாசிக்கிறவர்கள் சரியாக ஆறு பேர். ஆறாவது இஷ்பெல். பனிக்காலத்தில் அவளுடைய முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துபோனது. உதடு மூடுவதில்லை. ஊதினால் பாதிக் காற்று ஓரமாக ஓடிவிடும்.

குழுத் தலைவன் அவளுடைய தம்பி மர்டோ. போட்டியன்று தூறலில், குழு வந்த பேருந்தின் மறைவில், அவளுடைய குழல்களைக் கழற்றி, பையிலிருந்து காற்று வெளியேறும் நாலு வாயிலும் கார்க் அடைத்து, குழல்களை மறுபடி மாட்டினான். இனிப் பை உப்பியே நிற்கும், சத்தம் வராது.

"ஒண்ணையாவது திறந்து விடுடா. உதட்டோரம் பிளாஸ்திரி ஒட்டிட்டு ஊதிப் பாத்தேன். பாட்டு முழுசா வருது."

"முழுசாவா?"

"முக்கால்வாசி."

"மிச்சத்த நடுவரா ஊதுவாரு? விரலை மட்டும் ஆட்டுக்கா."

பெரிய முரசுக்காரன் ரோரி எட்டிப் பார்த்தான். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் அக்கா தப்பில்லாம வாசிக்கப் போறாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாதி முகம்தான் சிரித்தது.

வட்டத்தில் நடுவர் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அவளுடைய விரல்கள் ஒரு சுரத்தையும் விடவில்லை. அவர் நகர்ந்தார்.

மூன்றாம் இடம். அவர்கள் அதுவரை பரிசுப் பக்கமே போனதில்லை. மர்டோ அவளைக் கட்டிக்கொண்டான். "இவ்வளவு சுத்தமா நாம வாசிச்சதே இல்லக்கா!" சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

பரிசளிப்பு முடிந்தால் எல்லாக் குழுக்களும் சேர்ந்து வாசித்தபடி திடலை விட்டுப் போவது வழக்கம். நூற்றுக்கணக்கான குழல்கள். அப்போது நடுவர் கிடையாது.

"இந்தக் கூட்டத்துல யாரு கவனிக்கப் போறா? கார்க்கை எடுத்துடு," என்றான் மர்டோ, அவள் முகத்தைப் பார்க்காமல்.

குழல்களைக் கழற்றி, கார்க்குகளைப் பிடுங்கி இடுப்புப் பையில் போட்டுவிட்டு மறுபடி மாட்டினாள். உதட்டோரம் புதுப் பிளாஸ்திரி ஒட்டினாள். ஈரத்தில் அது வழுக்கியது.

அணி கிளம்பியது. ஊதினாள். சுருதி எழுந்தது, அவளுடைய சுருதி, தோளுக்கு மேலே, அதே கனத்தோடு. பிளாஸ்திரி பிரிந்தது. பை தளர்ந்தது. குழல் ஒருமுறை கீச்சிட்டு, முனகி, அடங்கியது. மர்டோ திரும்பவில்லை. ரோரி எதையாவது சொல்லிக் கிண்டல் செய்வான் என்று காத்திருந்தாள். அவன் முரசை அடித்தபடி நேரே பார்த்து நடந்தான்.

வரிசையை விட்டு விலகி, திடலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரம் நின்றாள். குழல்களைக் கழற்றி, நாலு கார்க்கையும் ஒவ்வொன்றாகத் தானே அடைத்து, மறுபடி மாட்டினாள். உதட்டை விரலால் அமுக்கிக்கொண்டு, பை விறைக்கும்வரை ஊதினாள். பின்பு ஓடிப்போய் ஆறாவது இடத்தில் சேர்ந்துகொண்டு, விரல்களை ஆட்டத் தொடங்கினாள்.