பத்தாவது சட்டை

எங்கள் தெருவில் யார் எந்தக் கட்சி என்று தெரிய வேண்டுமானால் என் சலவைக் கடைக்கு வந்தால் போதும். கூட்டம் நடக்கும் நாளுக்கு முந்தின நாள் நீலச் சட்டைகளும் மஞ்சள் சட்டைகளும் இஸ்திரிக்கு வந்து குவியும். கட்சிகளின் முழுப் பெயர் என் வாயில் நுழையாது. நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கட்சி இரண்டாக உடைந்துவிடும். அதனால் எனக்கு ஒன்று நீலம், இன்னொன்று மஞ்சள். அவ்வளவுதான்.

கொள்கைக்காகச் சேர்ந்தேன் என்று சொல்பவனை நான் நம்புவதில்லை. கறிக்கடைக்காரர் நீலத்தில் இருந்தார், ஏனென்றால் அவருடைய அண்ணன் மஞ்சளில் இருந்தார். அண்ணன் செத்த பிறகு யாரை எதிர்ப்பது என்று தெரியாமல் மனுஷன் ஆறு மாதம் தவித்துப் போனார். தையல்காரர் மஞ்சள் கட்சி. அந்த அலுவலகத்தில்தான் மின்விசிறி வேகமாகச் சுற்றும். பல் வைத்தியர் இரண்டு கூட்டத்துக்கும் போவார். யார் யார் வாய் எப்படி இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

நான் எதிலும் இல்லை. கேட்பவர்களிடம், ஊர் அழுக்கு மொத்தமும் என்னிடம்தான் வருகிறது, நான் எந்தப் பக்கம் போவது என்பேன். நாற்பது வருஷமாக இதைத்தான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்காரி ஒருமுறை இருமுவாள். சோப்புத் தூள் ஏறிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

என் மகளைக் கட்டிய மாப்பிள்ளை மின்வேலைக்காரர். எட்டு வருஷம் நீலத்தில் இருந்தார். போன மாதம், மஞ்சளுக்குப் போகப்போகிறேன் என்றார். நான் விடுவேனா? கடையில் நாலு பேர் நிற்கும்போது, சில துணி எந்தத் தண்ணீரில் போட்டாலும் அந்தத் தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும் என்றேன். அவர் சிரித்தார். என் மகள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்குக் காப்பி ஆறித்தான் வந்தது.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளை தனியாக வந்தார். இஸ்திரி மேசை ஓரமாக நின்று, இஸ்திரிப் பெட்டியின் மின்கம்பியை இல்லாத கோளாறுக்குச் சரிபார்த்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் கட்சிப் பெரிய தலைவர் வருகிறாராம். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேருபவனுக்குத்தான் வட்டச் செயலாளர் பதவியாம். அப்படி வந்தால் மேடையில் ஒரு நாற்காலி உண்டாம். ஒன்பது பேர் சேர்ந்துவிட்டார்களாம்.

“பத்தாவது ஆள் நீங்கதான் மாமா” என்றார்.

பதவிக்கு இத்தனை ஆசையா என்று கேட்டேன். அவர் மின்கம்பியைக் கீழே விட்டார்.

“பதவி கெடக்கட்டும் மாமா. எட்டு வருஷமா எல்லாக் கூட்டத்துக்கும் நாற்காலி தூக்கிப் போட்டவன் நான். ஒரு நாள் ஒருத்தன் உக்காருன்னு சொல்லல. ஒரே ஒரு தடவ மேடையில உக்காரணும்.”

கட்சி மாறுவதற்கு நான் கேட்டதிலேயே உருப்படியான காரணம் அதுதான். ஆனாலும் முடியாது என்றுதான் சொன்னேன். கட்சி வாசனையே படாத மனுஷனை இந்த வயசில் இழுக்காதே என்றேன். உள்ளே இருமல் கேட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துப் புது மஞ்சள் சட்டைகள் கட்டாக வந்தன. பத்தாவது சட்டை என் அளவு. என் சம்மதத்துக்குக்கூடக் காத்திருக்காமல் தைத்துவிட்டார்கள். சும்மா ஒரு இஸ்திரி போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தார் தையல்காரர். தொட்டுப் பார்த்தேன். கஞ்சி போட்டு அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது. இதை அப்படியே போட்டுக்கொண்டு போனால் கூட்டம் முடிவதற்குள் கழுத்தைச் சொறிந்தே சாவார்கள். சனிக்கிழமை காலை பத்தையும் சுடுதண்ணீரில் ஊறப் போட்டேன்.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கடையில் துணி மாறாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. புள்ளி, கோடு, சுழி என்று துணியின் மூலையில் அழியாத மையால் போடுவேன். எழுத்துச் சரியாக வராதவன் கண்டுபிடித்த எழுத்து அது. அப்புறம் இன்னொன்று. எந்தத் துணியையும் பையைத் துழாவாமல் தண்ணீரில் போட மாட்டேன். பேனா, சாவி, பல்செட்டு என்று என்னவெல்லாமோ எடுத்திருக்கிறேன். ஆனால் புதுச் சட்டைப் பையில் என்ன இருக்கப்போகிறது? துழாவவில்லை.

பதினோரு மணிக்குத் தொட்டியைப் பார்த்தேன். பத்துச் சட்டையும் பச்சை.

ஒரு திட்டு, ஒரு கறை கிடையாது. வேண்டுமென்று சாயம் ஏற்றினால்கூட இவ்வளவு சீராக வராது. நான் கையை விட்டுக் கிளறிக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை வந்துவிட்டார். பார்த்தார். அப்படியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

“புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லியிருக்கலாமே மாமா” என்றார்.

அவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் எவன் நம்புவான்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். அவர் எழுந்து சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து போட்டார். என் அளவுச் சட்டையின் பையில் ஏதோ புடைத்தது. எடுத்து விரித்தார். கழுத்தில் கட்டுகிற சின்னக் குட்டை. நீலக் கட்சிக் குட்டை. பழைய காலத்து மட்டச் சாயம், ஒருமுறைகூடத் தண்ணீர் படாதது. நாற்பது வருஷச் சாயத்தை ஒரே காலையில் கக்கிவிட்டு வானம் மாதிரி வெளுத்திருந்தது. மூலையில் கறுப்பாக ஒரு புள்ளி, அதன் கீழே ஒரு கோடு.

“மாமா, இது நம்ம வீட்டுக் குறி.”

வாசலில் என் வீட்டுக்காரி வந்து நின்றாள். இன்று இருமவில்லை.

“இஸ்திரி மட்டும்தான் போடுவீங்கன்னு நெனச்சேன்” என்றாள் என்னிடம். “போட்டுக்கறப்ப பையில கை விடுவீங்க, கொஞ்சம் வெக்கப்படுவீங்கன்னு வெச்சேன். மாப்பிள்ளய அவ்வளவு பேச்சுப் பேசினீங்களே.”

மாப்பிள்ளை குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எத்தன நாள் இருந்தீங்க மாமா?”

“பதினோரு நாள்.”

“ஏன் சேந்தீங்க?”

“உங்க அத்தையோட அப்பா நீலம். நீலத்துல இருக்கறவனுக்குத்தான் பொண்ணுன்னுட்டாரு.”

“அப்புறம் ஏன் விட்டீங்க?”

“கல்யாணம் முடிஞ்சிருச்சே.”

முதலில் சிரித்தது என் வீட்டுக்காரிதான். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கப் பார்த்து, தோற்று, கல்லைப் பிடித்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. சட்டைகளை உதறிக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் பத்தையும் நானே இஸ்திரி போட்டேன். கடைசிச் சட்டையை மடிக்காமல் மாட்டிக்கொண்டேன். அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கழற்றியிருப்பேன்.

நாலு மணிக்கு ஒன்பது பேரும் வந்தார்கள். பச்சையைப் பார்த்துவிட்டு ஓடிவிடுவார்கள் என்று மாப்பிள்ளை பயந்தார். கறிக்கடைக்காரர் போட்டுக்கொண்டு கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்தார். மஞ்சள் தன்னைச் சோகை பிடித்தவன் மாதிரி காட்டும், இதுதான் எடுப்பாக இருக்கிறது என்றார். மற்றவர்களுக்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை. புதுச் சட்டை கிடைத்துவிட்டது, கட்சி எதுவானால் என்ன?

மைதானத்தில் எங்கு பார்த்தாலும் மஞ்சள். நடுவில் நாங்கள் மாப்பிள்ளையோடு சேர்த்துப் பதினொரு பேர். மாப்பிள்ளை ஏற்கெனவே தனக்கென்று தைத்து வைத்திருந்த சட்டை மட்டும் மஞ்சளாகவே இருந்தது. அதையும் அவர் கடையிலேயே, தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரில் தானே முக்கி எடுத்தார். “எல்லாரும் ஒண்ணா போவோம் மாமா” என்றார். ஈரம் முழுசாகக் காயாமலே வந்தார்.

வரிசையாக மேடைப் படி ஏறினோம். கட்சியில் சேருபவர்கள் இடது பக்கம் நிற்க வேண்டும், கழுத்தில் ஒரு துண்டு விழும், இறங்கிவிட வேண்டும். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பெரிய தலைவர் எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் யார் இவர்கள் என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. அந்த ஆளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் பயம். ஏதோ சின்னக் கட்சி, கூட்டணிக்கு வந்திருக்கிறார்கள் போல என்றார்.

உடனே தலைவர் எழுந்துவிட்டார். மாப்பிள்ளையின் ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “நாற்காலி போடுங்கய்யா” என்று சத்தம் போட்டார்.

ஒருத்தன் தோளில் நாலு நாற்காலியைச் சுமந்துகொண்டு மேடைக்கு ஓடி வந்தான். அவன் தடுமாறியதைப் பார்த்ததும் மாப்பிள்ளை சட்டென்று வாங்கிப் போடக் கையை நீட்டிவிட்டார். எட்டு வருஷப் பழக்கம். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“உக்காருங்க மாப்பிள்ள.”

உட்கார்ந்தார். நுனியில் உட்கார்ந்து, பிறகு மெல்லப் பின்னால் சாய்ந்தார். கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். கீழே கூட்டத்தில் என் மகள் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நாளைக்குக் காப்பி சூடாக வரும் என்று தெரிந்தது.

வயதில் மூத்தவன் என்று தலைவர் என் பக்கம் குனிந்து, கட்சி தொடங்கி எத்தனை நாளாகிறது என்று மரியாதையாகக் கேட்டார். நான் பொய் சொல்வதில்லை.

“இன்னைக்குக் காலையிலதாங்க” என்றேன்.

அவர் அதற்கும் கை தட்டினார்.

மறுநாள் நீலக் கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். கையில் அழுக்கே இல்லாத ஒரு கால்சட்டை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அங்கே நாற்காலிதானே போட்டார்கள், நாங்கள் சோபா போடுகிறோம், பச்சைக்காரர்களிடம் சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளையிடம் சொன்னேன். யோசிக்க ஒரு வாரம் வேண்டுமாம். இப்போது அவரால் யோசிக்கக்கூட நேரம் கேட்க முடிகிறது.

நான் வீட்டுக்குப் போனபோது என் வீட்டுக்காரி அந்த வெளுத்த குட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். சாயம்தான் போய்விட்டதே, இன்னும் எதற்கு என்று கேட்டேன்.

“இருக்கட்டும்” என்றாள். “இனிமே எந்த நெறத்துலயும் முக்கிக்கலாம்.”